காற்று நாளும் அதில் ஒரு மாளிகையும்: கான்ஸ்டபிளின் வழியில் நிலக்காட்சி தீட்ட முழுமையான வழிகாட்டி

1833ஆம் ஆண்டு லண்டன் ராயல் அகாதமி கண்காட்சியில், பெர்க்‌ஷயர் மாவட்டத்து எங்கிள்ஃபீல்டு மாளிகையைத் தீட்டிய ஓவியம் ஒன்றை ஆங்கிலேய நிலக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் வைத்திருந்தார். அகாதமி உறுப்பினர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இது வெறும் வீட்டின் படம்தான், கட்டடக்கலைப் படங்களுக்கான அறையில் மாட்டியிருக்க வேண்டியது என்று சொன்னார். அதற்குக் கான்ஸ்டபிள், இது ஒரு கோடைக் காலையின் படம், அதில் ஒரு வீடும் இருக்கிறது என்று பதிலளித்தார். நாட்டுப்புற மாளிகை ஒன்றைக் காற்றடிக்கும் வானிலையில் தீட்ட விரும்புகிறவருக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்தப் பதிலிலிருந்தே பிறந்தது.

இங்கிலாந்தின் நிலவுடைமையாளர்கள் தங்கள் மாளிகையையும் ஏரியையும் மான் பூங்காவையும் படமாக்கிக் கூடத்தில் மாட்டும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றிவிட்டது. அவற்றில் பலவற்றில் வீடு நடுநாயகமாக நிற்கும். வானம் அதன் பின்னால் தொங்கும் திரையாகவே இருக்கும். இயற்கையையும் உணர்ச்சியையும் முன்னிறுத்திய ரொமான்டிக் காலத்து ஓவியர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கினார்கள். வானிலைதான் முதலில் வந்தது. வீடு அந்த வானிலைக்குள் நிற்கும் ஒரு பொருளாயிற்று. ஆகவே நாமும் வீட்டைக் கடைசியில்தான் தீட்டப்போகிறோம்.

முதல் படி: மூலத்தை நிதானமாகப் பார்ப்பது

நமக்கு இரண்டு மூலங்கள் வேண்டும். நிலத்துக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று.

நிலத்துக்கு, கான்ஸ்டபிள் 1816இல் தீட்டிய ‘விவன்ஹோ பார்க், எசெக்ஸ்’ ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். 56.1 செ.மீ. உயரமும் 101.2 செ.மீ. அகலமும் உள்ள இந்த எண்ணெய் ஓவியம் வாஷிங்டனின் நேஷனல் கேலரி ஆஃப் ஆர்ட்டில் இருக்கிறது. அதன் உயர்தெளிவுப் படத்தை அக்காட்சியகத்தின் இணையதளத்திலிருந்து யாரும் கட்டணமின்றித் தரவிறக்கலாம். செல்பேசித் திரையில் பார்த்துத் தீட்ட முயலாமல், குறைந்தது ஏ3 தாளிலாவது அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓவியம் பிறந்த கதையை அறிந்துகொண்டால் அதன் அமைப்பு விளங்கும். பூங்காவின் உரிமையாளர் ஜெனரல் ஸ்லேட்டர்-ரெபோ கான்ஸ்டபிளின் குடும்பத்துக்கு வேண்டியவர்; அவருடைய மகளின் உருவப்படத்தைக் கான்ஸ்டபிள் சில ஆண்டுகளுக்கு முன்பே வரைந்திருந்தார். மரியா பிக்னெலை மணப்பதற்காகப் பல ஆண்டுகள் காத்திருந்த கான்ஸ்டபிளுக்கு அந்தக் கோடையில் இந்த வேலையும் அதன் ஊதியமும் பெரிய உதவி. அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் தேதி திருமணம் நடந்தது. ஆகஸ்டு 30ஆம் தேதி விவன்ஹோவிலிருந்து மரியாவுக்கு எழுதிய கடிதத்தில் இந்த வேலையில் வந்த சிக்கலை அவர் விவரிக்கிறார். வீட்டார் கேட்பதையெல்லாம் படத்துக்குள் கொண்டுவருவதே பெரும்பாடு. இடப்பக்கம் எல்ம் மரங்களோடு செயற்கைக் குகை, நடுவில் அழகான காட்டுக்கு மேலே மாளிகை, வலப்பக்கம் வெகுதூரத்தில் மான்கொட்டகை. அதையும் சேர்த்தாக வேண்டியிருந்ததால் ஒரே பார்வையில் அடங்காத அளவுக்குக் காட்சி அகன்றுவிட்டது என்கிறார். கேன்வாஸின் இரு ஓரங்களிலும் துண்டுகளை இணைத்து அந்தச் சிக்கலை அவர் தீர்த்தார். இடது ஓரத்தில், கழுதை வண்டி ஓட்டிச் செல்லும் சிறுமியாக ஜெனரலின் மகளும் இடம்பெற்றாள்.

இப்போது படத்தைப் பாருங்கள். முன்னால் மாடுகள் மேயும் புல்வெளி, உள்நோக்கி வளைந்து செல்லும் மரவேலி, குறுக்கே விரியும் ஏரி, படகில் வலை இழுக்கும் இருவர், அதற்கும் அப்பால் மரங்களின் இடைவெளியில் இளஞ்சிவப்பாகத் தெரியும் சிறிய செங்கல் மாளிகை. உங்கள் கட்டைவிரல் நுனியை வைத்தால் மாளிகை முழுவதும் மறைந்துவிடும். ஆனாலும் கண் அங்கேதான் போய் நிற்கிறது. வேலி, நீர், மரக்கூட்டங்கள் எல்லாம் கண்ணை அங்கே கொண்டுபோய் விடுகின்றன. உரிமையாளரின் வீடு படத்தின் மையமாகவும் இருக்கிறது, இயற்கையைவிடச் சிறியதாகவும் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒருசேர நிறைவேற்றியதில்தான் கான்ஸ்டபிளின் திறமை இருக்கிறது.

(அந்தப் பூங்காவில் இன்று எசெக்ஸ் பல்கலைக்கழகம் இயங்குகிறது, மாளிகை பிற்காலத்தில் மாற்றிக் கட்டப்பட்டு இப்போது ஹோட்டலாக இருக்கிறது. அதனால் இன்றைய ஒளிப்படங்களைப் பார்த்து வீட்டை வரைய வேண்டாம்.)

விவன்ஹோவின் வானத்தில் மேகங்கள் இருந்தாலும் ஏரி பெரிதும் அமைதியாகவே கிடக்கிறது. நமக்குக் காற்று வேண்டும். அதற்கு, கான்ஸ்டபிள் 1821, 1822ஆம் ஆண்டுகளில் லண்டனுக்கு அருகே ஹாம்ஸ்டெட் மேட்டில் நின்று தீட்டிய மேக ஆய்வுகளிடம் போவோம். அவற்றில் பலவற்றின் பின்புறத்தில் தேதி, நேரம், திசை, காற்று ஆகியவற்றை அவர் குறித்துவைத்தார். லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள 1822 செப்டம்பர் 5ஆம் தேதி ஆய்வு நமக்கு மிகப் பொருத்தமானது. தென்கிழக்கு நோக்கிய பார்வை, நண்பகல், விறுவிறுப்பான காற்று, மிக வேகமாக நகரும் மேகங்கள், இடையிடையே நீலத்துக்குத் திறக்கும் பளிச்சென்ற வெளிகள் என்பது அதன் குறிப்பின் சாரம். இந்த வானத்தை விவன்ஹோ நிலத்தின் மேல் கவிப்பதுதான் நம்முடைய பயிற்சி.

இரண்டாம் படி: காற்றின் திசையை எழுதிவைப்பது

தூரிகையைத் தொடுவதற்கு முன் ஒரு தாளில் மூன்று அம்புக்குறிகள் போடுங்கள். வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது, தரையில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது, மேகங்கள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்பவையே அவை. வெயிலை இடப்பக்கம் மேலிருந்தும் காற்றை இடமிருந்து வலமாகவும் வைத்துக்கொள்ளலாம். மேகத்தின் திசை தரைக்காற்றின் திசையிலிருந்து சற்றே விலகியிருக்கலாம். தரையின் உராய்வு காற்றைத் திருப்புவதால் உயரத்தில் திசை சிறிது மாறுவது இயல்பு. ஆனால் எதிர்த்திசைக்குப் போகக் கூடாது.

இந்தத் தாளை, கேன்வாஸைத் தாங்கும் சட்டமான ஈசலின் ஓரத்தில் ஒட்டிவைத்து, மரக்கிளை, நீரலை, புகைபோக்கியின் புகை, பறவை, மாட்டின் வால் என எதைத் தீட்டும்போதும் அதைப் பாருங்கள். நான் தீட்டிய முதல் காற்றுப் படத்தில் புகை வலப்பக்கம் போக, வில்லோ மரத்தின் கொம்புகள் இடப்பக்கம் பறந்தன. மூன்று வாரம் உழைத்த படத்தில் அதைக் கண்டுபிடித்துச் சொன்னது வீட்டுக்கு வந்த பத்து வயதுப் பையன். அன்றிலிருந்து அம்புக்குறித் தாள் இல்லாமல் நான் கேன்வாஸை ஈசலில் ஏற்றுவதில்லை.

கான்ஸ்டபிளுக்கு இந்தத் தாள் தேவைப்படவில்லை. சஃபோக் மாவட்டத்து ஈஸ்ட் பெர்கோல்ட்டில் அவருடைய தந்தைக்குக் காற்றாலை இருந்தது. இளமையில் ஜானும் அங்கே வேலை செய்தார். காற்று திரும்புவதை மேகத்தைப் பார்த்தே கண்டுகொண்டு இறக்கைகளைத் திருப்ப வேண்டிய தொழில் அது. ஜான் தீட்டிய ஆலையைப் பார்த்தால் அது சுற்றும் என்று தெரிகிறது, மற்றவர்கள் தீட்டியதில் எப்போதும் அப்படித் தெரிவதில்லை என்று அவருடைய தம்பி ஆப்ரம் சொன்னதாக ஒரு பதிவு உண்டு. மாவு அரைத்த குடும்பத்தில் பிறந்தவரிடமிருந்து வந்த பாராட்டு என்பதால் அதற்குத் தனி மதிப்பு இருக்கிறது.

காற்றின் அளவையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். காற்று என்றவுடன் அம்மியைப் பறக்கவிடும் ஆடிக்காற்றும், புயலில் வில்லாக வளையும் தென்னையும் நம் மனத்தில் வந்து நிற்கும். இங்கே வேண்டியது அதுவல்ல. மேகத்தை விரட்டி, இலையைப் புரட்டி, ஏரியைச் சிலிர்க்கவைக்கும் அளவுக்கான காற்றே போதும். எல்ம், ஓக் போன்ற மரங்களின் அடிமரம் இந்தக் காற்றில் அசையாது.

மூன்றாம் படி: பொருட்கள்

மூலத்தின் விகிதம் ஏறத்தாழ 1:1.8 என்பதால் 30 செ.மீ. உயரமும் 54 செ.மீ. அகலமும் கொண்ட கேன்வாஸ் பொருந்தும். வண்ணங்களில் டைட்டானியம் வெள்ளை, லெமன் யெல்லோ, யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, ரா அம்பர், கேட்மியம் ரெட், அல்ட்ராமரின், பிரஷியன் புளூ என எட்டுக் குழாய்கள் போதும். கான்ஸ்டபிள் பயன்படுத்தியது ஈய வெள்ளை. அது நச்சு என்பதால் நமக்கு வேண்டாம். தூரிகைகளில் பன்றிமுடியாலான தட்டைத் தூரிகை பெரிதும் நடுத்தரமுமாக மூன்று, மெல்லிய வட்டத் தூரிகை இரண்டு, கூடவே ஒரு சிறிய வண்ணக் கத்தி. ஆளிவிதை எண்ணெய் கடைகளில் லின்சீடு ஆயில் என்ற பெயரில் கிடைக்கும். டர்பன்டைனைக் காற்றோட்டமுள்ள இடத்தில் மட்டும் திறந்து வையுங்கள். எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால் அவை உலரும்போது தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

ஒரு விதியை மட்டும் மறக்க வேண்டாம். கீழ் அடுக்கில் டர்பன்டைன் கூடுதலாகவும் எண்ணெய் குறைவாகவும் இருக்க வேண்டும். மேலே போகப்போக எண்ணெய் கூடலாம். இது மாறினால் மேலடுக்கு முதலில் காய்ந்து பிறகு வெடிக்கும்.

நான்காம் படி: ஒளியையும் இருளையும் பிரிப்பது

உள்ளங்கை அளவுத் தாள்களில், கரியால், மூன்றே சாயல்களில் ஐந்தாறு சிறு வரைவுகள் போடுங்கள். வெள்ளைத் தாள் வெளிச்சம், சாம்பல் இடைநிலை, கரி நிழல். இதில் மேகத்தின் நிழல் தரையில் எங்கே விழுகிறது என்பதைத்தான் தேடுகிறோம். காற்று நாளின் அடையாளமே இந்தத் திட்டுநிழல்கள்தான். புல்வெளியின் ஒரு பட்டை இருண்டு அடுத்த பட்டை ஒளிர்ந்தால், அடுத்த நிமிடம் இது இடம் மாறும் என்று பார்ப்பவரின் மனம் தானாகவே அறிந்துகொள்கிறது. இலை ஒன்றுகூட அசையாத படத்திலும் இந்த நிழல்கள் சரியாக விழுந்திருந்தால் காற்று வந்துவிடும்.

எனக்குப் பிடித்த பங்கீடு இதுதான்: முன்புறப் புல்வெளி நிழலில், ஏரியும் அதன் அப்பக்கக் கரையும் வெயிலில், அதற்குப் பின்னுள்ள மரக்கூட்டம் நிழலில், மாளிகை மீண்டும் வெயிலில். வீட்டுக்கு நேர்ப்பின்னால் நிழலில் கிடக்கும் மரங்கள் இருந்தால், வீட்டை எவ்வளவு சிறிதாகப் போட்டாலும் அது எடுப்பாகத் தெரியும்.

ஐந்தாம் படி: கேன்வாஸுக்கு நிறமேற்றுவது

வெள்ளைக் கேன்வாஸில் நேரடியாகத் தொடங்க வேண்டாம். பர்ன்ட் சியன்னாவில் துளி வெள்ளை சேர்த்து, டர்பன்டைனில் நீர்க்கவிட்டு, முழுப் பரப்பிலும் தேய்த்துத் துணியால் துடைத்துவிடுங்கள். கான்ஸ்டபிள் தம் திறந்தவெளி ஆய்வுகள் பலவற்றை இத்தகைய செம்பழுப்புத் தளத்தின் மீதே தீட்டினார். பச்சைத் தீற்றல்களின் இடுக்கிலும் நீலத்தின் ஓரத்திலும் இந்தச் சூடான நிறம் எட்டிப்பார்க்கும்போது படம் முழுக்க ஒரு துடிப்பு உண்டாகிறது. காய்ந்த பிறகு, ரா அம்பரால் பெரிய உருவங்களை மட்டும் கோடிடுங்கள். அடிவானம் கீழிருந்து ஐந்தில் இரண்டு பங்கு உயரத்தில் இருந்தால் வானத்துக்குப் போதிய இடம் கிடைக்கும்.

ஆறாம் படி: வானம்

இதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். வானமே ஒளியின் ஊற்று, அதுவே எல்லாவற்றையும் ஆள்கிறது என்று 1821 அக்டோபரில் நண்பர் ஜான் ஃபிஷருக்கு எழுதிய கடிதத்தில் கான்ஸ்டபிள் சொன்னார். படத்தின் சுருதி வானத்தில்தான் சேர்கிறது என்பது அவருடைய கருத்து. சுருதி சேராமல் பாட்டைத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

முதலில் நீலம். உச்சியில் அல்ட்ராமரினும் வெள்ளையும். கீழே இறங்க இறங்க வெள்ளை கூடி, பிரஷியன் புளூ ஒரு துளியும் ஓக்கர் ஒரு துளியும் சேர்ந்து, அடிவானத்தருகே நீலம் வெளிறி இளமஞ்சளோடு முடிய வேண்டும். மேகம் வரும் இடங்களில் செம்பழுப்புத் தளத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.

அடுத்து மேகங்கள். காற்று நாளில் வரும் திரள்மேகங்களின் அடிப்பகுதி தட்டையாக இருக்கும். அவை அனைத்தும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் மிதக்கின்றன. வானத்தை ஒரு பெரிய கூடத்தின் உட்கூரையாக நினைத்துக்கொண்டால், அந்த அடிப்பகுதிகள் அதில் பதித்த பலகைகள். தலைக்கு மேலே உள்ளவை அகலமாகவும் இடைவெளி விட்டும் தெரியும். அடிவானத்தை நெருங்க நெருங்கச் சிறுத்து, ஒன்றையொன்று மறைத்து, மெல்லிய கோடுகளாகிவிடும். நிலத்தில் மட்டும் ஆழம் காட்டி வானத்தைச் சுவராக விட்டுவிடும் தவறு இந்த ஒரு கவனத்தால் மறைந்துவிடும்.

நிழற்பகுதிக்கு அல்ட்ராமரின், பர்ன்ட் சியன்னா, வெள்ளை மூன்றையும் கலந்த சாம்பலைப் பயன்படுத்துங்கள். ஒளிப்பகுதிக்கு வெள்ளையில் ஓக்கரின் சாயல் மட்டும் போதும். கலப்பற்ற வெள்ளையைப் பதினோராம் படிக்காக வைத்திருங்கள்.

இப்போது ஒரு மேகத்தின் விளிம்பை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். காற்று வரும் பக்கத்து விளிம்பு திரண்டு உருண்டிருக்கட்டும். அங்கே தடித்த வண்ணத்தை ஒரே அழுத்தில் வைத்துத் தூரிகையை எடுத்துவிடுங்கள். எதிர்ப்பக்க விளிம்பில், ஈரமாக இருக்கும் நீலத்துக்குள் உலர்ந்த தூரிகையால் மேகத்தின் வெள்ளையை இழுத்துவிடுங்கள். அது நார் நாராகப் பிரிந்து நீலத்தில் கரைந்துபோகும். ஒரு பக்கம் கெட்டி, மறுபக்கம் கிழிசல் என்ற இந்த வேறுபாடுதான் மேகத்தை நகரவைக்கிறது. நான்கு விளிம்புகளையும் பஞ்சுபோல ஒரே மென்மையில் தேய்த்துவிட்டால் மேகம் நின்றுவிடும். தலையணை போலத் தெரிகிறதே என்று பலர் வருந்துவதற்குக் காரணம் இதுவே.

மற்றொன்று, காற்றாலைக்காரர்களிடமிருந்து வந்த செல்வம். பெரிய மேகங்களுக்குக் கீழே விரைந்தோடும் சிறிய கருந்துணுக்குகளை ஆலைக்காரர்களும் மாலுமிகளும் ‘தூதுவர்கள்’ என்று அழைத்ததாகவும் அவை மோசமான வானிலைக்கு அறிகுறி என்றும் கான்ஸ்டபிள் எழுதியிருக்கிறார். பெருமேகங்களின் இடைச்சந்துகளில், அவற்றின் நிழலிலேயே மிதப்பதால் தூதுவர்களுக்கு நேர்வெயில் கிடைப்பதில்லை. மேலே தெரியும் நீலவானின் பிரதிபலிப்பு மட்டுமே அவற்றின் மேல் படுகிறது. அதனால் பெருமேகத்தின் ஒளிப்பகுதியைக் கடக்கும்போது அவை கருமையாகவும், நிழற்பகுதியைக் கடக்கும்போது வெளிறிய சாம்பலாகவும் தோன்றும். ஒரே சாம்பல் நிறம், பின்னணியைப் பொறுத்து ஒருமுறை இருளாகவும் ஒருமுறை ஒளியாகவும் தெரிகிறது. உங்கள் படத்தில் இரண்டு அல்லது மூன்று தூதுவர்களை, காற்றின் திசையில் சற்று நீண்டவையாக வையுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

வானத்தை இருட்டாக்கிவிடும் ஆசையும் எழும். சாலிஸ்பரி தேவாலயத்தைத் தம் தோட்டத்திலிருந்து பார்க்கும் காட்சியைத் தீட்டச் சொன்ன பிஷப், கான்ஸ்டபிள் கருமேகத்தைக் கொண்டுவந்துவிட்டார் என்று குறைப்பட்டார். எனக்கு ஓவியரின் பக்கமே நியாயமாகப் படுகிறது. ஆனால் நம்முடைய படத்தில் ஏரி வெயிலில் மின்ன வேண்டியிருப்பதால், மிக இருண்ட மேகத்தையும் தரையின் நிழலைவிட ஒரு படி வெளுப்பாகவே வைத்துக்கொள்வது நல்லது.

ஏழாம் படி: புல்வெளியும் அதன் பச்சைகளும்

லெஸ்டர்‌ஷயரில் உள்ள கோலோர்ட்டன் மாளிகையின் உரிமையாளரும் ஓவியருமான சர் ஜார்ஜ் பியூமான்ட், நிலக்காட்சி ஓவியத்தின் பொதுநிறம் பழைய வயலினைப் போலப் பழுப்பாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் கொண்டிருந்தார். கான்ஸ்டபிள் ஒரு பழைய வயலினை எடுத்துப்போய் வீட்டுக்கு முன்னிருந்த புல்தரையில் வைத்துக் காட்டினாராம். பச்சையைப் பச்சையாகத் தீட்டுவதற்கே அன்று துணிச்சல் தேவைப்பட்டது.

ஆனால் குழாயிலிருந்து வரும் ஒற்றைப் பச்சை உதவாது. கான்ஸ்டபிளின் புல்வெளிகள் சிறப்பதற்குக் காரணம் அவை பலவகைப் பச்சைகளின் சேர்க்கையாக இருப்பதே என்று பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவா 1846இல் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். தட்டில் குறைந்தது ஐந்து பச்சைகளைக் கலந்து வையுங்கள். பிரஷியன் புளூவும் லெமன் யெல்லோவும் கூர்மையான குளிர்பச்சை தரும். அல்ட்ராமரினும் ஓக்கரும் அடங்கிய பச்சை தரும். எதில் பர்ன்ட் சியன்னா கலந்தாலும் அது காய்ந்த புல்லின் பக்கம் திரும்பும். வெள்ளையும் நீலமும் கூடினால் தொலைவுப் பச்சை. அம்பர் கூடினால் நிழற்பச்சை. இவற்றைத் தேய்த்து ஒன்றாக்காமல், சிறு தீற்றல்களாகப் பக்கம் பக்கமாக வையுங்கள். மேகநிழலின் விளிம்பு தரையில் கூர்மையாக வெட்டாமல், மேடுபள்ளத்தைத் தழுவியபடி செல்லட்டும்.

எட்டாம் படி: மரங்கள்

தொடக்கக்காரர்கள் செய்யும் பெரிய தவறு மரத்தை முழுவதுமாகச் சாய்ப்பது. தென்னையையும் பனையையும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது இயல்பாகவே தோன்றும். ஆனால் கிளை பரப்பிய பெருமரத்தில் காற்று வேறு விதமாக வேலை செய்கிறது. அடிமரம் நிற்கும், பெருங்கிளை லேசாக இசையும், கொம்புகள் வளையும், நுனிகள் பறக்கும். இந்த நான்கு நிலைகளையும் ஒரே மரத்தில் காட்டினால்தான் அது காற்றோடு போராடுவது தெரியும்.

மரமுடியின் காற்றுப் பக்கம் அமுங்கி, இலைத்திரள் நெருங்கி, விளிம்பு மழுங்கியிருக்கும். எதிர்ப்பக்கம் பிரிந்து, இடையிடையே வானம் தெரிய, கொத்துக் கொத்தாக நீளும். முதலில் நிழற்பச்சையால் மொத்தத் திரளையும் வையுங்கள். பிறகு வானத்தின் நிறத்தை எடுத்து, எதிர்ப்பக்கத்தில் துளைகளாக உள்ளே வெட்டுங்கள். மரத்துக்குள் வானத்தைத் தீட்டுவது மரத்தைத் தீட்டுவதைவிட அதிகப் பலன் தரும்.

நீரோரத்தில் வில்லோ மரம் ஒன்றை வையுங்கள். வெள்ளை வில்லோ இலையின் அடிப்பக்கம் வெளிறியது. காற்று இலைகளைப் புரட்டும்போது மரத்தின் ஒரு பகுதி திடீரென்று வெள்ளிபோல் மின்னும். இதைத் தீட்ட வெள்ளை, அல்ட்ராமரின், ஓக்கர் மூன்றையும் கலந்து ஒரு சாம்பல் பச்சை தயாரித்துக்கொண்டு, மெல்லிய தூரிகையால் காற்றின் திசையில் மட்டும், விரல்நகம் அளவுக்கும் குறைந்த தீற்றல்களை ஒரே ஒரு கொம்பில் வையுங்கள். மற்ற கொம்புகள் பழைய பச்சையிலேயே இருக்கட்டும். மரம் முழுவதையும் வெள்ளியாக்கிவிட்டால் அது வேறு வகை மரமாகிவிடும். ஒரு கொம்பு மட்டும் மின்னினால் அந்த நொடியில் ஒரு வீச்சு அதன் வழியே கடந்துபோவது தெரியும். காற்று எப்போதும் அலையலையாகத்தான் வருகிறது. எனவே வலப்பக்க மரக்கூட்டம் ஒன்றையேனும் அமைதியாக விடுங்கள். வீச்சு இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை.

ஒன்பதாம் படி: ஏரி

அமைதியான நீர் கண்ணாடி. காற்றுப்பட்ட நீர் ஆயிரம் சிறிய சாய்ந்த கண்ணாடிகள். அவற்றுள் பல, அப்பக்கக் கரையிலுள்ள மரங்களை விட்டுவிட்டு மேலே உள்ள வானத்தைக் காட்டுவதால், மரத்தின் பிரதிபலிப்பு உடைந்து கீழ்நோக்கி நீண்டு, இடையிடையே வானத்தின் நிறம் புகுந்துவிடும். காற்று வரும் கரையை ஒட்டிய நீர் மேட்டின் மறைவில் இருப்பதால் அங்கே பிரதிபலிப்பு தெளிவாக இருக்கலாம். அங்கிருந்து வலப்பக்கம் செல்லச் செல்ல நீர் சிலிர்க்கட்டும். அமைதியான நீருக்கும் சிலிர்த்த நீருக்கும் இடையிலான எல்லை, பார்வைக் கோணத்தால் ஏறக்குறையக் கிடைக்கோடாகவே தெரியும். அதை அலையலையாக வளைத்தால் ஏரி சரிவாகிவிடும். தீற்றல்கள் அனைத்தும் கிடைமட்டமாக, தொலைவில் மெல்லியவையாகவும் அருகில் அகன்றவையாகவும் இருக்க வேண்டும்.

பத்தாம் படி: மாளிகை

பர்ன்ட் சியன்னா, வெள்ளை, துளி ஓக்கர். வெயில்பட்ட முகத்துக்கு ஒன்று, நிழல்பட்ட பக்கத்துக்கு நீலம் கலந்த ஒன்று என இரண்டே சாயல்கள். கூரைக்கு ஒரு சாம்பல். சன்னல்களை எண்ணி வரையாமல், புள்ளிகளின் வரிசையாக விடுங்கள். செங்குத்துக் கோடுகள் மட்டும் பிசகாமல் நேராக நிற்கட்டும். சுற்றியுள்ள எல்லாம் அசையும்போது அசையாத ஒன்று படத்தில் தேவைப்படுகிறது, அந்த வேலையை வீடு செய்கிறது. புகைபோக்கியிலிருந்து வரும் புகை மேலே எழாமல் உடனே மடிந்து வலப்பக்கம் கலையட்டும்.

பதினோராம் படி: உயிர்களும் சிவப்பும் வெள்ளைப் பொட்டுகளும்

மாடுகளைக் காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்துங்கள். படகில் உள்ளவரின் உடையிலோ வண்டியில் போகிறவரின் துப்பட்டியிலோ அரிசி அளவு கேட்மியம் ரெட் வையுங்கள். இவ்வளவு பச்சைக்கு நடுவே அந்த ஒரு சிவப்புப் புள்ளி எல்லாப் பச்சைகளையும் கூர்மையாக்கிவிடும். இரண்டு நாள் உலர்ந்த பிறகு, வண்ணக் கத்தியின் நுனியில் கலப்பற்ற வெள்ளையை எடுத்து, சிலிர்த்த நீரின் மேலும் வில்லோவின் மின்னும் கொம்பிலும் வேலியின் மேல்விளிம்பிலும் தொட்டுத் தொட்டு வையுங்கள். கான்ஸ்டபிளின் பிற்கால ஓவியங்களில் இத்தகைய வெள்ளைப் பொட்டுகளைக் கண்டவர்கள் வெண்பனி கொட்டிவிட்டது என்று ஏளனம் செய்தார்கள். அவர் தீட்டியது பனித்துளியும் ஈர இலையும் வெயிலும் சந்திக்கும் மினுக்கம். நமக்கு இருபது பொட்டுகள் போதும். ஒவ்வொன்றையும் வைத்தபின் மூன்று எட்டுப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு அடுத்ததை வையுங்கள்.

பன்னிரண்டாம் படி: உலர்த்துவதும் மாட்டுவதும்

படத்தை நேர்வெயிலில் காயவைக்காமல், தூசு படாத அறையில் சுவரை நோக்கிச் சாய்த்து வையுங்கள். தொடுவதற்குக் காய்ந்துவிட்டாலும் உள்ளடுக்கு காய மாதங்கள் ஆகும். ஆறு மாதங்களுக்கு முன் வார்னிஷ் பூச வேண்டாம், தடித்த மேகங்கள் இருந்தால் ஓராண்டு காத்திருப்பது நல்லது. மாட்டும்போது, அறையின் சன்னல் படத்துக்கு இடப்பக்கம் வருமாறு இடம் தேடுங்கள். படத்துக்குள் வெயிலை இடமிருந்து வரவிட்டிருக்கிறோம்; சன்னல் வெளிச்சமும் அதே பக்கமிருந்து விழுந்தால், மேகவிளிம்பில் தடித்து நிற்கும் வண்ணத்தின் மேடுகள் சரியான பக்கத்தில் ஒளிபெற்று, மறுபக்கத்தில் உண்மையான நிழலையே வீழ்த்தும்.